அத்தை மகளைத் தங்கையாக்கிய படிவம்

என் அத்தை மகளை எனக்குத் தங்கையாக்கியது அரசாங்கமோ, தலைவிதியோ, என் அம்மாவோ அல்ல. நானேதான். என் கையால், என் பேனாவால், நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த என் ஆங்கிலக் கையெழுத்தில் அதைச் செய்தேன். செய்து முடித்துவிட்டு, அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை என்று அப்பாவிடம் காட்டிச் சபாஷும் வாங்கிக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. மலாக்காவில், காஜா பெராங்கில், தமிழ் மறந்து மலாய் பேசும் செட்டிகள் வாழ்ந்த செட்டிக் கம்பத்துக்குச் சற்று இந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட பலகை வீட்டில் இருந்தோம். அப்பா சாலை போடும் இலாகாவில் மண்டோர். இருபது ஆட்களை வெயிலில் நிறுத்தி வேலை வாங்கிவிட்டு, சாயங்காலம் தார் வாசத்தோடு வீட்டுக்கு வருவார். நான் ஆங்கிலப் பள்ளியில் சீனியர் கேம்பிரிட்ஜ் வகுப்பு. எங்கள் வரிசை வீடுகளில் அந்த வகுப்புவரை போனவன் நான் ஒருவன்தான். ஆகவே காஜா பெராங் தமிழர்களின் ஆங்கில அறிவு முழுவதும் என் தலைக்குள் இருப்பதாக ஊர் நினைத்தது. நானும் அதை மறுக்கவில்லை.

நாடு சுதந்திரம் வாங்கப்போகிற வருஷம் அது. முப்பது வருஷம் ஒரு தாளும் இல்லாமல் நிம்மதியாக வாழ்ந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று தாள் தேவைப்பட்டது. எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், எத்தனை வருஷமாக இருக்கிறாய் என்று அரசாங்கம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் நிறைந்துவிடும். நான் முகத்துக்குப் பவுடர் போட்டு, மசிப்புட்டியைத் திறந்து வைத்து, டாக்டர் மாதிரி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவேன். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு நானே ஒரு தேதி கொடுத்தேன். என் தயவில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஜனவரி முதல் தேதி பிறந்தவர்கள்.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் அத்தையிடமிருந்து கடிதம் வந்தது. அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், கணவனை இழந்து, கொழுந்தன்மார் தயவில் இருந்தார். அவருடைய மகளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது. மனைவி செத்துப்போய் மூன்று பிள்ளைகளோடு நின்ற ஒரு நாற்பது வயதுக்காரருக்கு அவளைக் கட்டிவைக்கக் கொழுந்தன்மார் நாள் பார்த்துவிட்டார்கள். எப்படியாவது அவளை அங்கே கூப்பிட்டுக்கொள் என்று அத்தை எழுதியிருந்தார். அப்பா கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பாரத்தை எடுடா என்றார்; படிவத்துக்கு எங்கள் வீட்டில் பாரம் என்றுதான் பெயர்.

சொந்தப் பிள்ளைகளைத்தான் வரவழைக்கலாம், அதுவும் பதினைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்கு வழியும் அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தம்பி மகனைத் தன் மகன் என்பார்கள். மீசை முளைத்தவனுக்குப் பன்னிரண்டு வயது என்பார்கள். எங்கள் தெருவில் இப்படி வந்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள்.

"மகள்னு போடு. வயசுல ரெண்டைக் குறை" என்றார் அப்பா.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். சிரம்பானில் இருந்த தன் அண்ணன் மகளை எனக்குக் கட்டுவதென்று அம்மா பத்து வருஷத்துக்கு முன்பே முடிவுசெய்து வைத்திருந்தார். முறை உள்ள இன்னொரு பெண் அதே வீட்டில் வந்து தங்குவது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

"மகள்னே போடு. நல்லா அழுத்திப் போடு" என்றார் அம்மா.

அழுத்தித்தான் போட்டேன். உறவு என்ற இடத்தில் மகள். பிறந்த ஊர் என்ற இடத்தில் அத்தையின் கிராமம். பிறந்த வருஷம் நாற்பத்தொன்று என்பதை நாற்பத்துமூன்றாக்கினேன். நான் அவளைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஒரு பெண்ணைத் தங்கையாக்க எனக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நாலு மாதம் கழித்து போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய் அவளை அழைத்து வந்தோம். எட்டு நாள் கப்பலில் வாந்தியெடுத்து, தலை கலைந்து, கசங்கிய பச்சைத் தாவணியோடு, ஒரு தகரப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். கதைகளில் நாயகி அறிமுகமாகும் விதம் அது அல்ல. இருந்தாலும் பெட்டியை வாங்கிக்கொள்ளக்கூட மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவங்கதான் பாரம் எழுதினவங்களா மாமா?" என்று கேட்டாள். அப்பா ஆமாம் என்றதும் என்னிடம் திரும்பி, "வயசைக் குறைச்சீங்க, சரி. உயரத்துக்கு என்ன வழின்னு யோசிக்கலியா? இங்க எறங்குன எடத்துல ஆபீசர் தாளையும் என்னையும் மூணு தடவ மாத்தி மாத்திப் பாத்தாரு" என்றாள்.

அவள் என்னைவிட அரை அங்குலம் உயரம். அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன். எழுந்திருக்க வெகுகாலம் பிடித்தது.

வீட்டுக்கு வந்த அன்றே அப்பா சட்டம் போட்டார். அவளுக்கு அவர் மாமா இல்லை, அப்பா. அம்மா அத்தை இல்லை, அம்மா. நான் அண்ணன். தெருவில் யாருக்கும் உண்மை தெரியக்கூடாது, கேட்டால் ஊரில் வளர்ந்த மகள் என்று சொல்ல வேண்டும். யாராவது வேண்டாதவன் ஒரு மொட்டைக் கடிதாசு போட்டால் போதும், அவள் திரும்பக் கப்பல் ஏற வேண்டும், அப்பா கோர்ட்டு ஏற வேண்டும். நல்லவேளையாக அவளுக்கு அப்பாவின் மூக்கு. பக்கத்து வீட்டுச் செட்டிக் கிழவி, மலாய்க்காரி போல கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக வேலியோரம் நின்று, மகள் அப்பனை உரித்து வைத்திருக்கிறாள், மகன்தான் யார் சாயல் என்று தெரியவில்லை என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

வெளியார் முன்னால் அவள் என்னை அண்ணா என்று பிசகாமல் கூப்பிட்டாள். வீட்டுக்குள் ஒன்றும் கூப்பிட மாட்டாள். "இந்தாங்க", "கேட்டீங்களா", "சோறு ஆறுது" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். சுவருக்குச் சொன்ன பேச்சையெல்லாம் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அந்த வருஷம் பூகோளப் பாடம் மனப்பாடம் ஆகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்தில் காஜா பெராங்கில் ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து பத்து அடி நடந்தால் அது மாலைக்குள் ரப்பர் தோட்டம்வரை போய்விடும். நாங்கள் மட்டும் பட்டப்பகலில் ஜோடியாக நடந்தோம். அண்ணன் தங்கை அல்லவா. வெள்ளிக்கிழமைதோறும் அவளை ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோவிலுக்கு அழைத்துப்போவேன். கும்பிட்டுவிட்டு, பாங்கு சொல்லும் நேரத்தில் பள்ளிவாசலைக் கடந்து, பண்டார் ஹிலிர் கடற்கரைக்குப் போய் தேங்காய்ப்பாலில் ஐஸ் போட்ட செண்டோல் குடிப்போம். எதிரே வருகிற பெரியவர்கள், தங்கச்சியை எவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறான் என்று என்னைப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. தெருப் பையன்கள் எல்லோரும் திடீரென்று என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள். மச்சான், மச்சான் என்று தோளில் கை போட்டார்கள். பந்து விளையாட்டில் என்னை ஒருநாளும் சேர்த்துக்கொள்ளாதவர்கள் கோல் அடிக்கும் இடத்தையே எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். ஒருவன் அவளிடம் கொடுக்கச் சொல்லி ஒரு கடிதமே கொடுத்தான். நான் அதைப் பிரித்து, ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மசியால் திருத்தி, அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். இதைத்தான் என் வீரம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருமுறை அவளுக்கு ஒரு நியாயம் சொன்னேன். மலாய்க்காரப் பெண்கள் புருஷனையே அபாங், அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆகவே அண்ணா என்பதில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்றேன். அவள் செண்டோல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நாம தமிழாளுங்க" என்றாள். அவ்வளவுதான்.

அவளுக்கும் என்மேல் விருப்பம் இருந்தது என்பது ஒரே ஒரு தடவைதான் வாய்விட்டு வந்தது. கோவிலிலிருந்து திரும்பும்போது பெருமழை. அவள் கடைகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் ஒதுங்கிவிட்டாள். நான் தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளை ஓரம் கட்டிக்கொண்டிருந்தேன். "அத்தான், நனையறீங்க" என்றாள். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. ஆனாலும் கேட்காதவன் மாதிரி மழையிலேயே நின்றேன், இன்னொரு தடவை சொல்வாள் என்று. சொல்லவில்லை. எனக்கு மூன்று நாள் காய்ச்சல். அம்மா கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சுதந்திரம் வந்தது. தெருமுனையில் நாங்கள் கட்டிய தென்னங்குருத்து வளைவு காய்ந்து பழுப்பாகித் தொங்கிக்கொண்டிருந்தபோது அப்பா பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. குடும்பத்தோடு குடிநுழைவு அலுவலகத்துக்கு வரவேண்டும் என்று போட்டிருந்தது. நான்தான் படித்தேன். படிக்கும்போதே வியர்த்துவிட்டது.

நடந்தது இதுதான். அவளை வரவழைத்த படிவத்தில், மகள் நாற்பத்துமூன்றில் இந்தியாவில் பிறந்தாள் என்று எழுதியிருந்தேன். பிறகு அப்பாவும் அம்மாவும் குடியுரிமைக்கு மனுப்போட்டபோது அதையும் நானே நிரப்பினேன். எத்தனை வருஷமாக இந்நாட்டில் இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு, என் தாயார் முப்பத்தெட்டில் வந்ததிலிருந்து ஒருநாள்கூட மலாயாவைவிட்டு வெளியே போனதில்லை என்று விசுவாசத்தோடு ஒரு வாக்கியம் கூடுதலாகவும் எழுதியிருந்தேன். இரண்டு தாளும் ஒரு மேசையில் சந்தித்துக்கொண்டன. நாற்பத்துமூன்று என்பது ஜப்பான்காரன் காலம். கடலில் கப்பலே ஓடவில்லை. என் அம்மா மலாக்காவில் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த அதே வருஷத்தில் தஞ்சாவூரில் பிள்ளை பெற்றிருந்தார். இரண்டையும் எழுதிய கையெழுத்து ஒன்றே என்பது பார்த்த உடனே தெரியும். அத்தனை அழகான கையெழுத்து.

அப்பா என்னை அடிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "என்னடா, படிச்ச புள்ளன்னு நம்பினேனே" என்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அழுதார். அழுகைக்கு நடுவில், தான் எப்போது ஊருக்குப் போய்ப் பிள்ளை பெற்றதாகச் சொல்வது, கேட்கிறவன் என்ன நினைப்பான் என்றும் கேட்டார். அவள் மட்டும் காயவைத்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. வழக்கம்போல அது எனக்கு மிக உயர்ந்த யோசனையாகத் தோன்றியது. கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவள் என் தங்கை இல்லை, என் அத்தை மகள், இவளைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறேன் என்று ஆபீசரிடம் ஆங்கிலத்திலேயே பேசிவிடுகிறேன். மனைவியென்றால் இருக்க விடுவார்கள். பேச்சைத் தயாராக எழுதியும் வைத்திருந்தேன், இரண்டு பக்கம்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"பொய் சொல்லி வந்தவள்னு தெரிஞ்ச நிமிஷம் என்னை விட்டு வைப்பாங்களா? நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள என்னைக் கப்பல்ல ஏத்திருவாங்க. கப்பல்ல போறது நான், நீங்க இல்ல. அங்க எறங்குனா எனக்கு மாப்பிள்ளை காத்துகிட்டு இருக்காரு, மூணு புள்ளைங்களோட. மாமாவைக் கோர்ட்டுல நிறுத்துவாங்க. நீங்க வீட்டுல இருந்துகிட்டு என்னை நெனச்சுக் கவலைப்படுவீங்க."

கவலைப்படுகிற வேலையை நான் நன்றாகத்தான் செய்திருப்பேன்.

அவளே பிறகு சொன்னாள். அம்மா ஜப்பான்காரன் காலத்துக் கதைகளை அவளிடம் நிறையச் சொல்லியிருந்தார். அந்த நாளில் இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்குப் பதிவே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். "நான் இங்கயே பொறந்துட்டேன்னு எழுதிருங்க. சண்ட முடிஞ்சு கப்பல் விட்டதும், என்னைக் கைப்புள்ளையா யாரோ தெரிஞ்சவங்களோட ஊருக்கு அனுப்பி வச்சாங்க. அத்தை வளர்த்தாங்க. பாரம் எழுதுனவருக்கு வெவரம் பத்தல, வளர்ந்த ஊரைப் பொறந்த ஊர்னு எழுதிட்டாரு."

"அப்படி எழுதுனா நீ எனக்குக் கூடப்பொறந்தவளா ஆயிருவியே. மாத்தவே முடியாதே" என்றேன்.

"தெரியும்" என்றாள். கயிற்றைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இங்க இருக்கணும்."

அன்று பிற்பகல் உட்கார்ந்து அந்த வாக்குமூலத்தை எழுதினேன். மேற்படி பெண் என் தாய்தந்தையருக்கு மலாக்காவில் பிறந்த என் உடன்பிறந்த தங்கை. படிவத்தில் நேர்ந்த பிழைக்கு என் கவனக்குறைவும் அறியாமையுமே காரணம். அறியாமை என்பதற்கு ஆங்கிலத்தில் நல்ல கனமான சொல்லாகத் தேடிப் போட்டேன். கையெழுத்திடும்போது பேனா நின்று நின்று எழுதியது. மசி தீரவில்லை.

அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தோம். சுதந்திரம் வந்தும் மேசைக்குப் பின்னால் வெள்ளைக்காரர்தான் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழர், வாயில் வெற்றிலைக் கறையோடு. அப்பாவையும் அம்மாவையும் விசாரித்தார்கள். துரை அப்பாவின் மூக்கையும் அவள் மூக்கையும் பார்த்தார். என் வாக்குமூலத்தைப் படித்து, அறியாமை என்ற சொல்லில் விரலை வைத்துச் சிரித்தார். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அம்மாவுக்கு மயக்கம் வருவது போலிருந்ததால் என்னைத் தண்ணீர் வாங்கிவர அனுப்பினார்கள்.

நான் தண்ணீரோடு அறைக்குள் திரும்பி வந்தபோது, நாற்காலியில் இருந்த அவள் சட்டென்று எழுந்து, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, சற்று ஒதுங்கித் தலைகுனிந்து நின்றாள். முறைப்பையன் முன்னால் நிற்கும் பழக்கம். வந்த நாளிலிருந்து நான் உள்ளே வரும்போதெல்லாம் அப்படித்தான் நின்றாள். துரைக்கு அது ஒன்றும் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளருக்குப் புரிந்துவிட்டது. வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்.

"ஏம்மா, கூடப்பொறந்த அண்ணன் வந்தா எந்திரிச்சு ஒதுங்குற பழக்கம் எந்த ஊர்லம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. எனக்கு ஆங்கிலம், தமிழ், மலாய் மூன்றில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

அவள் நிமிர்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். என்னை நேராகப் பார்த்தாள்.

"எவ்வளவு நேரமாண்ணே ஒரு தண்ணிக்கு? அம்மா மயங்கி விழப்போறாங்களேன்னு நான் எந்திரிச்சு நின்னேன், நீ தெருவுல வாய் பாத்துட்டு வர்ற. கொண்டா இங்க" என்று என் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். பாதித் தண்ணீர் என் சட்டையில் கொட்டியது.

என்ன சத்தம் என்று துரை கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அவளையும் என்னையும் பார்த்துவிட்டு வெற்றிலையை மறுபடி மெல்லத் தொடங்கினார். பிறகு ஆங்கிலத்தில், தண்ணீர் கொண்டுவரப் பிந்தியதற்குத் தங்கை அண்ணனைத் திட்டுகிறாள் என்றார். தனக்கும் அப்படி ஒரு தங்கை இருக்கிறாள் என்று துரை சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்தார். வெளியே வரும்போது மொழிபெயர்ப்பாளர் என் காதருகில், "தம்பி, இனிமே எங்கயும் அண்ணனாவே இரு. என் சோத்துல மண்ணைப் போட்டுறாத" என்றார்.

பஸ்ஸில் அப்பாவும் அம்மாவும் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் அவள் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தேன். ஆபீஸ் வேலை முடிந்துவிட்டது, இனி என்னை அண்ணன் என்று கூப்பிட வேண்டாம் என்று மெல்லச் சொன்னேன்.

"இல்லண்ணே" என்றாள். சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டுக்கு ஒண்ணு, வெளிய ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா இன்னிக்கு மாதிரி மாட்டிக்குவோம். நீ ஒக்காரு, எடம் இருக்கு."

அப்போது அழுதேன் என்று எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். உண்மையில் எனக்குக் கோபம் வந்தது. நன்றிகெட்டவள் என்று நினைத்தேன். இரண்டு வாரம் அவளோடு பேசவில்லை. அவள் இழந்ததும் நான் இழந்ததும் ஒன்றேதான், ஆனால் அவள் அதைத் தன் கையாலேயே செய்ய வேண்டியிருந்தது என்பது புரிய எனக்கு வருஷங்கள் ஆயின. படித்த பிள்ளை.

மூன்று வருஷம் கழித்து கிளேபாங்கில் வாத்தியார் வேலை பார்த்த ஒருவரோடு அவளுக்குக் கல்யாணம் நடந்தது. நல்ல மனிதர், என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். அவரைப் பார்த்துவிட்டு வந்து, பிடித்திருக்கிறது என்று அவளே அப்பாவிடம் சொன்னாள். ஊரைப் பொறுத்தவரை நான் பெண்ணின் ஒரே அண்ணன். பந்தல் போட்டேன். மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன். அம்மா முகம் நிறையச் சிரிப்போடு சிரம்பான்காரர்களை உபசரித்துக்கொண்டிருந்தார்.

ஓமம் வளர்த்து முடிந்ததும் ஐயர், பெண்ணின் அண்ணன் வந்து பொரி போடட்டும் என்று கூப்பிட்டார். அவள் இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். மாப்பிள்ளை அவள் கைகளைக் கீழிருந்து தாங்கியிருந்தார். நான் மூன்று முறை பொரியை அள்ளி அந்தக் கைகளில் போட வேண்டும், அவள் அதை நெருப்பில் விட வேண்டும். இரண்டு முறை ஒழுங்காக நடந்தது. மூன்றாவது முறை நான் போட்டபோது அவள் கைகள் நடுங்கிப் பொரி முழுவதும் தரையில் சிந்திவிட்டது. அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"பாருங்க, அண்ணன்காரனுக்குக் கை நடுங்குறதை" என்று யாரோ சொல்ல, பந்தலே சிரித்தது.

ஆமாம், எனக்குத்தான் நடுங்கிவிட்டது என்று சொல்லி, நானும் சிரித்துக்கொண்டே இன்னொரு பிடி அள்ளினேன்.